பயாப்ஸிக்குப் பின் மூன்று நாள்

புராஸ்டேட் பயாப்ஸிக்குக் காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். உள்ளே ஆகும் வேலை கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். மரத்துப்போக ஊசி போடுவார்கள், ‘டக் டக்’கென்று பன்னிரண்டு தடவை சத்தம் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வரலாம், மலத்தோடு சொட்டு ரத்தம் தெரியலாம், சில வாரங்களுக்கு விந்து பழுப்பாக வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். மிகப் பெரும்பாலோருக்கு அவர் சொன்னது போலவே எல்லாம் தானாக அடங்கிவிடும்.

நூற்றில் ஓரிருவருக்கு, சில ஊர்களில் மூன்று நான்கு பேருக்கு, அப்படி அடங்குவதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வருகிறது. அன்றிரவே ஐசியு தேவைப்படலாம். அவர்களுள் வெகு சிலர் இறந்தும்போகிறார்கள். சாதாரணப் பரிசோதனை ஒன்று எப்படி இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது? டாக்டரின் கை தவறியதாலா, ஊசி சுத்தமில்லாததாலா என்றுதான் குடும்பத்தார் முதலில் நினைப்பார்கள். அநேகமாக இரண்டும் இல்லை. ஆபத்தின் பெரும்பகுதி பயாப்ஸி நாளுக்குப் பல மாதங்கள் முன்பே, அந்த மனிதரின் குடலுக்குள் முடிவாகிவிடுகிறது.

சதை எடுத்துப் பார்ப்பது எதற்கு?

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. இளவயதில் சுமார் இருபது கிராம் எடை. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கும் வீங்குகிறது, சிலருக்கு அதில் புற்றுநோய் வருகிறது. பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை இந்தச் சுரப்பியிலிருந்து கசியும் ஒரு புரதத்தை அளக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். ஆனால் சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும், டியூப் போட்டிருந்தாலும்கூட இந்த எண் ஏறும். புற்றுநோய்தானா என்று அடித்துச் சொல்ல, சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர் சாட்சி. பிரான்சுவா மித்தரான் 1981 மே மாதம் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. தெரிந்தபோது அது எலும்புக்குப் பரவியிருந்தது. பிஎஸ்ஏ பரிசோதனை வழக்கத்துக்கு வராத காலம் அது. நோயை மறைத்துக்கொண்டே ஆட்சி நடத்தினார். 1992 செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் நாட்டுக்குச் செய்தி தெரிந்தது. 1996 ஜனவரியில் காலமானார். உரிய காலத்தில் சதையை எடுத்துப் பார்த்தால் இன்று பலருக்கு அந்த நிலை வராமல் தடுக்க முடியும். பயாப்ஸியின் ஆபத்தைப் பேசும்போது தராசின் இந்தத் தட்டையும் மறந்துவிடக் கூடாது.

ஊசி போகும் பாதை

மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே புராஸ்டேட் இருக்கிறது. அதனால்தான் ஆசனவாய் வழியே விரல் விட்டு டாக்டரால் அதைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தி, விரல் பருமனுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியை மலக்குடலுக்குள் செலுத்தி, திரையில் சுரப்பியைப் பார்த்துக்கொண்டே ஊசியை விடுவார்கள். 1989-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த முறையில் ஆறு இடங்களிலிருந்து ஒழுங்காகச் சதை எடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். பிறகு ஆறு பன்னிரண்டானது.

ஊசி ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன். ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி ஒன்றில் அது பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தியதும் உள் ஊசி இரண்டு சென்டிமீட்டர் அளவு முன்னே பாய்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. சதை அதில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணிமைப்பதற்குள் வெளி உறை பின்னாலேயே வந்து அந்தச் சதையைச் சீவி மூடிவிடுகிறது. நோயாளி கேட்கும் ‘டக்’ இதுதான். வெளியே எடுத்துத் திறந்தால் வெந்த சேமியா இழை போல வெளிறிய ஒரு துணுக்கு இருக்கும். அதை ஃபார்மலின் குப்பியில் போட்டுவிட்டு, அடுத்த இடம்.

சிக்கல் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. தோலை அயோடின் தடவிச் சுத்தம் செய்துவிடலாம். மலக்குடலை எத்தனை முறை எனிமா கொடுத்துக் கழுவினாலும் கிருமியற்றதாக ஆக்க முடியாது. பன்னிரண்டு தடவை ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துப் போகிறது என்றால், பன்னிரண்டு தடவை அங்குள்ள பாக்டீரியாக்களும் கூடவே போகின்றன. போய்ச் சேரும் இடமோ ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் சுரப்பி. உள்ளே நுழையும் கிருமிகளில் முக்கியமானது எஷெரிச்சியா கோலி, சுருக்கமாக ஈ.கோலி. நம் எல்லோர் குடலிலும் குடியிருப்பது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தராதது. ரத்தத்தில் கலந்தால் சங்கதி வேறு.

ஈ.கோலியின் வெளியுறையில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. அதை அடையாளம் காண நம் வெள்ளை அணுக்களில் தனி உணரி இருக்கிறது. இந்த உணரியைக் கண்டறிந்ததற்காக புரூஸ் பாய்ட்லர் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உணரி தூண்டப்பட்டதும் உடல் அபாயச் சங்கு ஊதுகிறது. வேதிப் பொருட்கள் வெள்ளமாகச் சுரக்கின்றன. காய்ச்சல் ஏறுகிறது, ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றின் சுவர்களில் நீர் கசிகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. இதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள். கிருமி செய்யும் சேதத்தோடு, அதை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தனக்கே செய்துகொள்ளும் சேதமும் இதில் சேர்ந்திருக்கிறது.

மாத்திரை பலிக்காமல் போன கதை

இந்த ஆபத்து டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பயாப்ஸிக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். 1987-இல் சந்தைக்கு வந்த சிப்ரோஃப்ளாக்சசின் இதற்கென்றே செய்தது போல அமைந்தது. வாய்வழி கொடுத்தால் போதும், பல ஆன்டிபயாடிக்குகளால் எளிதில் புக முடியாத புராஸ்டேட் திசுவுக்குள் அது நன்றாக ஊறும், ஈ.கோலியையும் கொல்லும். உலகம் முழுவதும் பயாப்ஸிக்கு முன் ஒரு சிப்ரோ என்பது வழக்கமானது.

அந்த வழக்கம் ஆட்டம் கண்டதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கணக்கு காட்டியது. எழுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு அது. பயாப்ஸி முடிந்த 30 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் 1996-இல் 1 சதவீதம், 2005-இல் 4.1 சதவீதம். அப்படிச் சேர்க்கப்பட்டோரில் நான்கில் ஏறத்தாழ மூன்று பேருக்குத் தொற்றுதான் காரணம். அந்த 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் சற்றுக் கீழே. ஊசி மாறவில்லை, செய்முறையும் பெரிதாக மாறவில்லை. ஆண்களின் குடலில் இருந்த ஈ.கோலி மாறியிருந்தது, சிப்ரோவுக்கு அடங்காத வகைகள் பெருகியிருந்தன.

பெருகும் விதம் எளியது. சளிக்கோ வயிற்றுப்போக்குக்கோ ஒருவர் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்குகிறார். குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகின்றன. அடங்காதவை மிஞ்சிக் காலியான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சில வாரங்களோ சில மாதங்களோ அவை அங்கேயே இருக்கும். அந்த இடைவெளியில் அவருக்குப் பயாப்ஸி நடந்தால், முன்கூட்டிக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யாது. கடந்த ஆறு மாதத்துக்குள் சிப்ரோ வகை மருந்து சாப்பிட்டிருந்தால் பயாப்ஸித் தொற்றுக்கான ஆபத்து கூடுதல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஊரும் உலகமும்

இந்தியாவில் நிலைமை கனடாவைவிடக் கடுமை. இங்குள்ள மருத்துவமனைகளில் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் ஈ.கோலியில் பெரும்பகுதி சிப்ரோவுக்கு அடங்குவதில்லை. அதற்கும் மேலான மருந்துகளை முறிக்கும் என்டிஎம்-1 என்ற மரபணுவைப் பற்றி 2010-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. கிருமிகளின் எதிர்ப்புத்தன்மையை நாடெங்கும் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் ஒரு வலையமைப்பைத் தொடங்கியபோது, அதன் முதல் நோடல் மையங்களில் ஒன்றாகச் சேர்ந்தது புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் கொண்ட நிறுவனம், இப்போது எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் பலிக்கிறது என்று நாட்டுக்குச் சொல்லும் இடங்களில் ஒன்று.

இதில் புதுச்சேரிக்கென்றே ஒரு கோணம் உண்டு. இங்கிருந்து பிரான்சுக்கும் அங்கிருந்து இங்கும் ஆண்டு முழுதும் போக்குவரத்து நடக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் ஒரு பக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள், பாரிஸில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குளிருக்கு இங்கே வந்து தங்கும் பெரியவர்கள் மறுபக்கம். நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் வெளிநாடு போய்த் திரும்பிய சுமார் இரண்டாயிரம் பயணிகளின் மலத்தைப் பரிசோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். போகும்போது இல்லாத, பல மருந்துகளை முறிக்கும் குடல் பாக்டீரியா தெற்காசியாவுக்குப் போய்வந்தவர்களில் 75 சதவீதம் பேரிடம் திரும்பும்போது இருந்தது. ஒட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்தது. பத்தில் ஒருவருக்குச் சற்று மேலானோரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது.

எனவே மார்கழியில் புதுச்சேரிக்கு வந்து தங்கிவிட்டு, மாசியில் பாரிஸில் பயாப்ஸி செய்துகொள்ளப்போகும் பெரியவர் அங்குள்ள டாக்டரிடம் ‘இந்தியாவில் இருந்தேன்’ என்று சொல்லியாக வேண்டும். கொடுக்க வேண்டிய மருந்தையே அந்த ஒரு வரி மாற்றிவிடலாம். இங்கேயே வசிப்பவர்களுக்கோ அந்த ஆபத்துக் கணக்கு பயணம் போகாமலே கூடியிருக்கிறது.

அரிதிலும் அரிதானவை

செப்சிஸ் தவிர வேறு சில கேடுகளும் உண்டு. எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை.

இடுப்புக்குள் இருக்கும் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கர் பேட்சன் 1940-இல் இதைச் சோதனை செய்து விளக்கினார். மற்ற பல சிரைகளில் ரத்தம் திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு, இவற்றில் இல்லை. இருமினாலோ முக்கினாலோ வயிற்றில் அழுத்தம் கூடி, ரத்தம் எதிர்த்திசையில் முதுகெலும்புப் பக்கம் தள்ளப்படும். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கு அடிக்கடி பரவுவதற்கு இந்த வழி ஒரு காரணம் என்கிறார்கள். பயாப்ஸியின்போது நுழைந்த கிருமியும் இதே வழியில் போய் முதுகெலும்பின் தட்டுகளில் சீழ் பிடிக்கலாம். வாரங்கள் கழித்து முதுகுவலி தொடங்கும். வயதாகிவிட்டது, வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துவது இங்கே எளிது. பயாப்ஸி செய்து சில வாரத்தில் புதிதாக வரும் முதுகுவலி, அதுவும் காய்ச்சலோடு வந்தால், எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டிய வலி.

பாரிஸின் தோல்நோய் மருத்துவர் ழான் அல்ஃபிரெட் ஃபூர்னியே 1883-இல் விவரித்த ஒரு நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விதைப்பை, ஆசனவாய்ப் பகுதியின் திசு மணிக்கணக்கில் அழுகிப் பரவும் தொற்று அது. பயாப்ஸிக்குப் பின் அது வந்ததாக மருத்துவ இதழ்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பதிவுகள் உள்ளன. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதற்கு எளிதில் ஆளாவார்கள். அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், தோல் கறுத்தல் என எதைக் கண்டாலும் காத்திருக்க நேரமில்லை. அழுகிய திசுவை வெட்டி எடுத்தால்தான் உயிர் தப்பும். இதய வால்வில் தொற்று, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் இப்படி அபூர்வமாகப் பதிவாகியிருக்கின்றன.

ரத்தப்போக்கு பெரும்பாலும் தானே நிற்கும். மலக்குடல் சுவரின் ரத்தக்குழாயில் ஊசி பட்டுவிட்டால் சிலருக்குக் கட்டி கட்டியாகக் கொட்டும். விரலால் அழுத்தியோ, பலூன் வைத்தோ, எண்டோஸ்கோப்பியில் கிளிப் போட்டோ நிறுத்த வேண்டியிருக்கும். இதற்குப் பயந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையை நிறுத்திக்கொள்வது அதைவிட ஆபத்து. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வரும். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தாமலே பயாப்ஸி செய்யலாம். மற்றவற்றை நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் சிறுநீரியல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ஏற்கெனவே புராஸ்டேட் நன்கு வீங்கியிருப்பவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. சில நாள் டியூப் போட்டால் சரியாகும்.

வழியை மாற்றலாம்

மலக்குடல் வழியே போவதுதான் பிரச்சினை என்றால் வேறு வழியில் போகலாமே? போகலாம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோலைச் சுத்தம் செய்து, அங்கிருந்து ஊசியைச் செலுத்தும் முறை உண்டு. ஊசி மலத்தைத் தொடுவதே இல்லை. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கம் 2021 முதல் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. மலக்குடல் வழிதான் என்றால் அதையும் பத்திரமாகச் செய்ய முடியும். முன்கூட்டியே மலக்குடலில் துடைத்தெடுத்த மாதிரியைக் கல்ச்சர் செய்து, அங்குள்ள கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து அதையே கொடுப்பது ஒன்று. ஊசி போடும் முன் மலக்குடலைப் போவிடோன் அயோடினால் துடைப்பது இன்னொன்று. விலை மலிவான இந்த இரண்டாவது வேலை தொற்றை நன்றாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

இரு வழிகளையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 658 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. தோல் வழியே, ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமல் செய்துகொண்டவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. கல்ச்சர் பார்த்து மருந்து கொடுத்து மலக்குடல் வழியே செய்துகொண்டவர்களில் நான்கு பேருக்கு, அதாவது 1.4 சதவீதத்தினருக்கு வந்தது. வித்தியாசம் சிறிது. ஆனால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்பது நம் ஊர் போன்ற இடங்களுக்குச் சிறிய செய்தியல்ல.

தேவையில்லாத பயாப்ஸியைத் தவிர்ப்பது இன்னும் நல்ல பாதுகாப்பு. எண் கூடியதும் பதறாமல், சிறுநீர்த் தொற்று இருந்தால் குணப்படுத்திவிட்டு, சில வாரம் கழித்துப் பிஎஸ்ஏவை மறுபடி பார்த்தால் பலருக்கு அது இறங்கியிருக்கும். பயாப்ஸிக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஊசியே தேவைப்படாது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது.

வீட்டில் செய்ய வேண்டியது

பயாப்ஸிக்குப் போகும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில. கடந்த ஆறு மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், மருத்துவமனையில் தங்கியது, வெளிநாட்டுப் பயணம், சர்க்கரை, இதய வால்வு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை. கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வழியாகச் செய்யப்போகிறீர்கள்? எனக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்த்தீர்களா?

செய்த பின் முதல் மூன்று நாளில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் என்றால் எல்லோர் நினைவுக்கும் முதலில் டெங்குதான் வரும். பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கும் அதுவே வரலாம். ஆகையால் கூடப்போகும் மகனோ மகளோ வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், ‘அப்பாவுக்கு முந்தாநாள் புராஸ்டேட் பயாப்ஸி செய்தது.’ ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் வலுவான ஆன்டிபயாடிக்கைச் சிரையில் ஏற்றுவார்கள். ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தைப் பாராசிட்டமால் போட்டு வியர்க்க வைத்துப் பார்ப்பதில் வீணாக்கிவிடக் கூடாது.

தனி மனிதர் கையில் இருப்பது இவ்வளவுதான். மீதி ஊர் கையில் இருக்கிறது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்கும்போது நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணை சொல்கிறது. ஆனாலும் மெடிக்கலில் ‘சளிக்கு ரெண்டு நாளைக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்பதும், ஏதோ ஒன்றைக் கிழித்துக் கொடுப்பதும் நின்றபாடில்லை. அப்படி வாங்கி விழுங்கியவர் மட்டும் அதன் விலையைக் கொடுப்பதில்லை. எதிர்ப்புத்தன்மை பெற்ற கிருமி தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கைகளிலும் ஊரெல்லாம் பரவுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு மாத்திரையும் தொடாத, எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்துக்கொண்ட பெரியவர் ஒருவர் பயாப்ஸிக்குப் படுக்கும்போது அந்தக் கிருமி அவர் குடலிலும் இருக்கலாம். அவருடைய மூன்று நாள் எப்படிக் கழியும் என்பதில், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிய நம் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது.